அரேயா, லிங்க்டு லிஸ்டா, ஹாஷ் டேபிளா? மெமரியில் தரவை அடுக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வைட்ஃபீல்ட், பெல்லந்தூர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளும், வேலையில் இருந்துகொண்டே அடுத்த நேர்காணலுக்குத் தயாராகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உதாரணத் தரவாக நம்ம மெட்ரோவின் பர்ப்பிள் லைனை எடுத்துக்கொண்டோம். காடுகோடி வைட்ஃபீல்ட் முதல் சல்லகட்டா வரை 37 நிலையங்கள். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லா அளவுகளும் 64 பிட் லினக்ஸ், இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர், சி மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரேயில் எந்த உறுப்பையும் உடனே எடுக்க முடிகிறதே, எப்படி?

தேடல் எதுவும் நடப்பதில்லை, ஒரு கணக்குதான் நடக்கிறது. அரே தொடங்கும் முகவரியோடு இன்டெக்ஸை உறுப்பின் அளவால் பெருக்கிக் கூட்டினால் வேண்டிய முகவரி வந்துவிடும். ஒரு நிலையத்தின் விவரம் 16 பைட் என்றால், இன்டெக்ஸ் 20-இல் இருப்பது தொடக்கத்திலிருந்து 320 பைட் தள்ளி இருக்கும். 37 நிலையம் ஆனாலும் 37 லட்சம் பயணச்சீட்டு ஆனாலும் கணக்கு இதேதான். இன்டெக்ஸ் 0-இல் தொடங்குவதும் இதனால்தான்: முதல் உறுப்பு தொடக்கத்திலிருந்து 0 பைட் தூரத்தில் இருக்கிறது.

இந்த வசதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எல்லா உறுப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எல்லாம் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருக்க வேண்டும்.

லிங்க்டு லிஸ்ட் எவ்வளவு மெமரி தின்னும்?

நினைப்பதைவிட அதிகம். லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு மதிப்பும் தனி நோடில் இருக்கும், அடுத்த நோடின் முகவரியை (பாயின்டர்) அந்த நோடே வைத்திருக்கும். 4 பைட் முழு எண் ஒன்றை ஒற்றை லிங்க்டு லிஸ்டில் வைத்தால், அடுத்த நோடைக் காட்டும் பாயின்டருக்கு 8 பைட் போகும். பாயின்டர் 8-இன் மடங்கான முகவரியில்தான் உட்கார வேண்டும் என்பதால் நடுவில் 4 பைட் வீண். ஆக ஒரு நோட் 16 பைட். இத்துடன் முடிவதில்லை. ஜிலிப்சியின் (லினக்ஸின் சி நூலகம்) மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனான மால்லாக் ஒவ்வொரு துண்டுக்கும் தன் கணக்குக்காக 8 பைட் சேர்த்து, 16-இன் மடங்காக்கி, குறைந்தது 32 பைட் ஒதுக்கும். 4 பைட் எண்ணுக்கு 32 பைட் செலவாகிறது.

10 லட்சம் எண்களுக்கு அரே 40 லட்சம் பைட் கேட்கும், லிங்க்டு லிஸ்ட் 3.2 கோடி பைட் கேட்கும். முந்தைய நோடையும் காட்டும் இரட்டை லிங்க்டு லிஸ்டில் நோட் 24 பைட் ஆகும். அதுவும் அதே 32 பைட் துண்டில் அடங்கிவிடுவதால் மால்லாக் கணக்கில் ஒற்றைக்கும் இரட்டைக்கும் இங்கே வித்தியாசமே இல்லை. மெமரியை மிச்சம் பிடிக்க ஒற்றை லிஸ்ட் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டையும் முழுதாக ஒருமுறை ஓடிப் பார்க்க ஒரே பிக்-ஓ தானே? பிறகு ஏன் வேகத்தில் இத்தனை வித்தியாசம்?

தரவு பெருகும்போது வேலை எப்படிப் பெருகும் என்று காட்டும் குறியீடான பிக்-ஓ படிகளை எண்ணும். ஒரு படிக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பிராசசர் ராமிலிருந்து ஒரு பைட்டை மட்டும் எடுத்து வருவதில்லை. 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைனை மொத்தமாகக் கேஷுக்கு, அதாவது தன்னுள் இருக்கும் சிறிய, வேகமான மெமரிக்கு, இழுக்கும் (ஆப்பிளின் எம் வரிசை சிப்களில் 128 பைட்). கேஷின் முதல் அடுக்கான எல்1-இல் இருக்கும் மதிப்பு 4, 5 சுழற்சியில் கைக்கு வரும், அடுத்த அடுக்கான எல்2-இல் இருந்தால் 14 அளவில். ராம் வரை போக வேண்டியிருந்தால் 80 முதல் 100 நானோவினாடி, அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் 240 முதல் 300 சுழற்சி.

10 லட்சம் எண்கள் அரேயில் இருந்தால் ஒரு லைனில் 16 எண்கள், மொத்தம் 62,500 லைன்கள். போகிற போக்கைப் பார்த்து வன்பொருளே அடுத்த லைன்களை முன்கூட்டி இழுத்து வைத்துவிடும். அதற்குப் பிரீஃபெட்ச் என்று பெயர். சாதாரண லேப்டாப்பிலேயே கூட்டல் முழுதும் ஒரு மில்லிவினாடி அளவில் முடியும். லிங்க்டு லிஸ்டில் அடுத்த முகவரி என்ன என்பது இந்த நோடைப் படித்த பிறகுதான் தெரியும். முன்கூட்டி இழுக்க வழியில்லை. நோட்கள் ஹீப் (மால்லாக் இடம் எடுத்துக் கொடுக்கும் மெமரிப் பகுதி) முழுக்கச் சிதறி இருந்தால் மோசமான நிலையில் 10 லட்சம் முறை ராமுக்குப் போய்வர வேண்டும். 100 நானோவினாடி வீதம் 0.1 வினாடி. பிக்-ஓ ஒன்றேதான், நேரம் நூறு மடங்கு.

புதிதாக உருவாக்கிய லிஸ்டைச் சோதித்துவிட்டு "அப்படி ஒன்றும் மெதுவாக இல்லையே" என்பவர்கள் உண்டு. ஒரே லூப்பில் வரிசையாக ஒதுக்கிய நோட்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே விழும், அதனால் அரே மாதிரியே ஓடும். நாள் கணக்கில் ஓடும் சர்வரில், சேர்த்தும் நீக்கியும் கலைந்த பிறகுதான் உண்மை முகம் தெரியும்.

நடுவில் செருகவும் நீக்கவும் லிங்க்டு லிஸ்ட்தான் வேகம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதே?

செருகும் செயல் மட்டும் வேகம். செருக வேண்டிய இடத்தைத் தேடிப் போகும் செலவைப் பாடப்புத்தகம் தனி வரியில் போட்டுவிடுகிறது.

10,000 எண்கள், சரி நடுவில் செருக வேண்டும் என்று வையுங்கள். அரேயில் 5,000 எண்களை, அதாவது 20,000 பைட்டை, ஓரிடம் தள்ள வேண்டும். பைட்களை நகர்த்தும் சி ஃபங்ஷனான மெம்மூவ் இதை ஓரிரு மைக்ரோவினாடியில் முடிக்கும். லிஸ்டில் 5,000 நோட் தாண்டி நடக்க வேண்டும். அவை 1.6 லட்சம் பைட், 32 கேபி எல்1-இல் அடங்காது. எல்லாமே எல்2-இல் இருக்கும் நல்ல நிலையிலும் 70,000 சுழற்சி, 23 மைக்ரோவினாடி. நடந்து முடித்த பிறகு இரண்டு பாயின்டரை மாற்றுவது இலவசம் மாதிரிதான். ஆனால் நடையில் எல்லாம் போய்விட்டது.

உறுப்பு ஒவ்வொன்றும் சில நூறு பைட் பெரியது என்றால் தள்ளும் செலவு ஏறும், கணக்கு மாறும். அப்போதும் பெரிய உறுப்புகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவற்றின் இன்டெக்ஸை மட்டும் அரேயில் வரிசைப்படுத்துவது பல இடங்களில் போதும்.

நீக்குவதில் ஒரு சின்ன உத்தி: வரிசை முக்கியமில்லை என்றால் கடைசி உறுப்பை எடுத்து நீக்கிய இடத்தில் போட்டு, நீளத்தை ஒன்று குறையுங்கள். எதையும் தள்ள வேண்டாம்.

நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால் "இடம் ஏற்கெனவே கையில் இருக்கிறதா, தேட வேண்டுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்கிறவர் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

அப்படியானால் லிங்க்டு லிஸ்டே வேண்டாமா?

வேண்டும், நோட் ஏற்கெனவே கையில் இருக்கும் இடங்களில். எல்ஆர்யு கேஷ் (நெடுநேரம் பயன்படாததை முதலில் வெளியேற்றும் சேமிப்பு) நல்ல உதாரணம். சாவியிலிருந்து கணக்கிட்டே இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹாஷ் டேபிள் நேராக நோடைக் காட்டிவிடும், அதை இரட்டை லிஸ்டிலிருந்து பிடுங்கி முன்னால் வைப்பது சில பாயின்டர் மாற்றம் மட்டுமே. லினக்ஸ் கர்னல் முழுக்க இரட்டை வட்ட லிங்க்டு லிஸ்ட்தான் புழங்குகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு: தரவுக்குத் தனி நோட் ஒதுக்காமல், இணைப்புப் பாயின்டர்களைத் தரவின் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) வைத்திருக்கிறார்கள். கூடுதல் மால்லாக் கிடையாது, ஒரே பொருள் பல லிஸ்டில் இருக்கவும் முடியும். உறுப்பின் முகவரி ஒருபோதும் மாறக்கூடாது என்ற தேவை இருந்தாலும் லிஸ்ட் உதவும்.

சி-யில் லிஸ்டை அழிக்கும்போது வழக்கமாக நடக்கும் பிழை: நோடை ஃப்ரீ செய்த பிறகு அதிலிருந்தே அடுத்த முகவரியைப் படிப்பது. பல நாள் ஓடும், ஒரு நாள் விழும். அடுத்த முகவரியை முதலில் ஒரு மாறியில் எடுத்துவைத்து, பிறகு ஃப்ரீ செய்யுங்கள். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசரை இயக்கிக் கம்பைல் செய்தால் இந்தப் பிழையை முதல் ஓட்டத்திலேயே வரி எண்ணோடு காட்டிவிடும்.

பாயின்டருக்குப் பதில் 4 பைட் இன்டெக்ஸ் வைத்து, எல்லா நோடையும் ஒரே பெரிய அரேயில் போடலாம். நோட் 8 பைட்டாகச் சுருங்கும், மொத்தமாக ஒரே ஃப்ரீயில் அழியும், அப்படியே கோப்பில் எழுதி மறுபடி ஏற்றவும் முடியும். லிஸ்ட்தான் வேண்டும் என்று முடிவானால் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான்.

அளவு முன்கூட்டித் தெரியாதபோது அரே எப்படிச் சரிப்படும்?

வளரும் அரே இருக்கிறது: சி++ வெக்டர், ஜாவாவின் அரேலிஸ்ட். இடம் தீர்ந்ததும் பெரிதாக ஒன்றை ஒதுக்கி, பழையதை நகலெடுத்து, பழையதை விடுவிக்கும். ஜிசிசியின் வெக்டர் 2 மடங்கு வளரும். விஷுவல் சி++, ஜாவா அரேலிஸ்ட் 1.5 மடங்கு.

மடங்காக வளர்வது ஏன் என்பதற்குக் கணக்கு: ஒவ்வொன்றாக 10 லட்சம் உறுப்பு சேர்த்தால் இரட்டிப்பு முறையில் 21 ஒதுக்கீடு, மொத்தம் 10.5 லட்சம் அளவில் நகல். உறுப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். "வீணாகாமல் இருக்கட்டும்" என்று 10, 10 இடமாகக் கூட்டினால் 1 லட்சம் ஒதுக்கீடு, ஏறத்தாழ 5,000 கோடி நகல்! சொந்தமாக வளரும் அரே எழுதுகிறவர்கள் விழும் குழி இதுதான்.

இன்னொரு குழி: வெக்டரின் ஓர் உறுப்புக்குப் பாயின்டர் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. அரே இடம் மாறியிருந்தால் அந்தப் பாயின்டர் விடுவிக்கப்பட்ட இடத்தைக் காட்டும். பாயின்டருக்குப் பதில் இன்டெக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை தோராயமாகத் தெரிந்தால் ரிசர்வ் செய்துவிடுங்கள், 21 ஒதுக்கீடு 1 ஆகும்.

பைத்தான் லிஸ்ட் லிங்க்டு லிஸ்டா?

இல்லை. அது பாயின்டர்களின் வளரும் அரே. ஒவ்வொரு இடத்திலும் 8 பைட் முகவரி, மதிப்பு வேறெங்கோ. சிறிய முழு எண் ஒன்றே 28 பைட் பொருள். அதனால் 10 லட்சம் வெவ்வேறு எண்களுக்கு 80 லட்சம் பைட் பாயின்டர், கூடவே 2.8 கோடி பைட் பொருள்கள். அதே எண்கள் பைத்தானின் எண்கணித நூலகமான நம்பையின் 32 பிட் அரேயில் 40 லட்சம் பைட்தான்.

லிஸ்டின் முன்பக்கத்திலிருந்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி எல்லாம் நகரும். க்யூ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) வேண்டுமானால் பைத்தானின் டெக் பயன்படுத்துங்கள். டெக் 64 இடங்கள் கொண்ட துண்டுகளைக் கோத்து வைத்திருக்கிறது. இரு முனையும் வேகம், நடுவில் இன்டெக்ஸ் போட்டால் மெதுவு. லிஸ்டின் மேல் ஃபார் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து நீக்காதீர்கள்: அடுத்த உறுப்பு நீக்கிய இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும்.

கட்டண அட்டவணை போன்ற இரு பரிமாணத் தரவு மெமரியில் எப்படி இருக்கும்?

மெமரி ஒரே நீளக் கோடு. 37 வரிசை, 37 நெடுவரிசை கொண்ட கட்டண அட்டவணையை அந்தக் கோட்டில் மடிக்க இரண்டு வழி. சி, சி++, நம்பையின் இயல்பு நிலை: வரிசை வரிசையாக. ஃபோர்ட்ரான், மேட்லாப், ஆர், ஜூலியா: நெடுவரிசையாக. சி-யில் வரிசை 10, நெடுவரிசை 5 என்றால் 10-ஐ 37-ஆல் பெருக்கி 5 கூட்ட 375. கட்டணம் 2 பைட் என்றால் 750 பைட் தள்ளி. மொத்த அட்டவணை 1,369 இடம், 2,738 பைட். போகவர ஒரே கட்டணம் என்பதால் பாதியை, 666 இடத்தை, மட்டும் வைக்கலாமே என்று தோன்றும். மிச்சமாவது 1,400 பைட் சொச்சம். கணக்கைக் குழப்பிக்கொள்ள அது ஈடாகாது.

பெரிய அட்டவணையில்தான் வினையே. 4,096-க்கு 4,096 முழு எண்கள், 64 எம்பி. வரிசையாகப் போனால் லைனுக்கு 16 எண் கிடைக்கும். லூப்பை மாற்றிப் போட்டு நெடுவரிசையாக இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் 16,384 பைட் தாவல். ஒவ்வொன்றும் புது லைன், புது 4 கேபி பக்கம். போதாததற்கு, தாவல் 4,096 பைட்டின் மடங்காக இருப்பதால் 32 கேபி, 8 வழி எல்1 கேஷில் எல்லா லைனும் ஒரே செட்டுக்கு (8 லைன் கொள்ளும் ஒரு பிரிவு) போட்டியிடும். 512 லைன் கொள்ளும் கேஷில் 8 லைனுக்குத்தான் இடம். லூப்பின் வரிசையை மாற்றுவது முதல் மருந்து. அது முடியாத இடத்தில் வரிசைக்கு 16 எண் கூடுதலாக, 4,112 அகலத்தில் ஒதுக்கினால் செட் மோதல் கலைந்துவிடும்.

ஜாவாவில் இரு பரிமாண அரே என்பது அரேகளின் அரே; வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும் என்ற உறுதி இல்லை.

ஸ்ட்ரக்டில் புலங்களின் வரிசை முக்கியமா?

ஆம். நிலையம் ஒன்றுக்கு மூன்று புலம்: இணைப்பு நிலையமா என்பது 1 பைட், தூரம் 8 பைட் டபுள், எண் 4 பைட். இந்த வரிசையில் எழுதினால் முதல் புலத்துக்குப் பின் 7 பைட், கடைசியில் 4 பைட் வீணாகி 24 பைட் ஆகும். பெரியது முதலில் என்று டபுள், முழு எண், 1 பைட் ஆக மாற்றினால் 16. சி கம்பைலர் தானாக மாற்றாது. இடைவெளியே இல்லாமல் பேக் செய்யும் வழி இருக்கிறது என்று அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அரையும் குறையுமான முகவரிகளில் சில பிராசசர்கள் மெதுவாகும், சில தவறு காட்டி நிற்கும்.

விவரங்களை ஆள்வாரியாக வைப்பதா, புலவாரியாக வைப்பதா?

1 கோடி பயணங்கள், ஒவ்வொன்றும் 32 பைட், அதில் கட்டணம் 4 பைட். மொத்த வசூலைக் கூட்ட ஸ்ட்ரக்ட் அரேயில் 32 கோடி பைட் கேஷ் வழியாகப் போக வேண்டும். ஒரு லைனில் பயன்படுவது 2 கட்டணம் மட்டுமே. கட்டணங்களைத் தனி அரேயில் வைத்தால் 4 கோடி பைட் போதும். பார்க்கே போன்ற நெடுவரிசைக் கோப்பு வடிவங்கள் பகுப்பாய்வில் வேகமாக இருப்பதும் இதனால்தான். ஒரு பயணத்தின் எல்லா விவரமும் ஒருசேர வேண்டும் என்றால் ஸ்ட்ரக்ட் அரேதான் நல்லது.

தமிழ்ப் பெயர்களை வைக்கும்போது ஏன் பாதியில் வெட்டுப்படுகிறது?

பைட்டையும் எழுத்தையும் ஒன்றாக எண்ணுவதால். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "பெங்களூரு" கண்ணுக்கு 5 எழுத்து. உள்ளே ப, ெ, ங, ், க, ள, ூ, ர, ு என 9 குறியீடு, 27 பைட். பைத்தானில் நீளம் கேட்டால் 9 வரும், கோ மொழியில் 27 வரும். இதை 20 பைட் கேர் அரேயில் 19 பைட்டாக வெட்டினால் "பெங்கள" வரை 18 பைட்டும், ஊகாரக் குறியின் முதல் பைட்டும் மட்டும் மிஞ்சும். திரையில் கேள்விக்குறி போட்ட கட்டம் தெரியும். ஆங்கிலப் பெயருக்கு ஒதுக்கிய இடத்தை மும்மடங்காக்குவது குறைந்தபட்சம். வெட்டியே ஆக வேண்டுமானால் எழுத்து எல்லையில் வெட்டுங்கள்.

யெல்லோ லைனின் கடைசி நிலையம் "பொம்மசந்திரா"வில் வேறு சிக்கல். "பொ" என்பதை ப, ொ என 2 குறியீடாகவும் எழுதலாம், ப, ெ, ா என 3 ஆகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, பைட் அளவில் வேறு, ஆகவே ஹாஷ் டேபிளில் இரண்டு தனித்தனிச் சாவிகள். உள்ளே வைக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவுக்கு (இப்படி இரு விதமாக எழுதியதை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். தேட வரும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள்.

பெயரைக் கொண்டு தேட ஹாஷ் டேபிள்தான் எப்போதும் நல்லதா?

37 நிலையத்துக்கு அரேயை நேராகத் தேடினாலே போதும். வரிசைப்படுத்திய அரேயில் பாதி பாதியாக ஒதுக்கித் தேடினால் 10 லட்சத்துக்கு 20 ஒப்பீடு. சாவி சரியாக ஒத்துப்போகும் தேடல் மட்டும், அதுவும் அடிக்கடி என்றால் ஹாஷ் டேபிள். "இந்த நேரத்திலிருந்து அந்த நேரம் வரை" போன்ற தேடலுக்கு அது உதவாது.

ஜாவா ஹாஷ்மேப் 16 இடத்தில் தொடங்கி, 75 சதவீதம் நிரம்பியதும் இரட்டிக்கும். 10 லட்சம் சாவிக்கு 20,97,152 இடம் வரை வளரும், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி பகிர்ந்து போடும். அளவு தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாவியாகப் போட்ட பொருளின் புலத்தைப் பிறகு மாற்றினால் அது டேபிளுக்குள்ளேயே தொலைந்துபோகும்: இருக்கும், ஆனால் கிடைக்காது.

ஃபங்ஷனுக்குள் பெரிய அரே வைத்தால் நிரல் உடனே விழுகிறது. ஏன்?

லோக்கல் அரே ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக மாறிகளுக்கான மெமரிப் பகுதி) போகும். லினக்ஸில் வழக்கமான ஸ்டாக் எல்லை 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. 25 லட்சம் முழு எண் என்றால் 1 கோடி பைட், இரண்டிலும் தாங்காது. ஹீப்பில் ஒதுக்குங்கள்.

எங்கள் நிரலில் எது வேகம் என்று எப்படி அளப்பது?

உங்கள் உண்மையான அளவு, உண்மையான கலைந்த நிலை, கம்பைலரின் ஓ2 ஆப்டிமைசேஷன், இந்த மூன்றோடும் அளக்க வேண்டும். கூட்டிய விடையை எங்காவது அச்சிடுங்கள். யாரும் பயன்படுத்தாத விடை என்று கண்டால் கம்பைலர் லூப்பையே தூக்கிவிடும், 0 நேரம் வரும். முதல் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அதில் பக்கங்களை ஒதுக்கும் செலவும் சேர்ந்திருக்கும். லினக்ஸில் பெர்ஃப் ஸ்டாட் கொண்டு கேஷ் தவறுகளை எண்ணுங்கள். மெய்நிகர் இயந்திரங்களில் அந்த எண்ணிகள் பல நேரம் கிடைக்காது. அங்கே வால்கிரைண்டின் கேஷ்கிரைண்ட் பயன்படும், ஆனால் அது உண்மையான கேஷை அளக்காமல் சிமுலேஷனாகப் போடும் கணக்கு, ஓட்டமும் பல மடங்கு மெதுவாகும். லிங்க்டு லிஸ்டைச் சோதிக்கும்போது நோட்களைக் கலைத்த வரிசையில் இணைத்து ஒருமுறை, ஒதுக்கிய வரிசையிலேயே இணைத்து ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் சர்வர் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோதான் ஓடிக்கொண்டிருக்கும்.